கடலோர வீட்டுக்குள் குழந்தைப் படம்: வேட்டி, தெர்மோகோல், இரண்டு பல்ப்

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரைப் பக்கம் வெளியே கண் கூசும் வெயில், வீட்டுக்குள் நுழைந்தால் இருட்டு. வெயிலில் நிறுத்தினால் குழந்தை கண்ணைச் சுருக்கும், புருவத்துக்குக் கீழே கருநிழல் விழும். வீட்டுக்குள் எடுப்பதே நல்லது. அதற்கு வாட் முக்கியமில்லை. வெளிச்சம் வரும் பரப்பு அகலமாக இருக்க வேண்டும். பிள்ளை ஒரு நிமிடம் அசையாமல் இருக்காது. வெறும் பல்ப் வெளிச்சத்தில் தலையைச் சற்றுத் திருப்பினாலே மூக்கு நிழல் கன்னத்தில் ஏறிவிடும். வேட்டி அகலத்துக்கு வெளிச்சம் இருந்தால் எப்படித் திரும்பினாலும் முகம் தெளிவாக இருக்கும்.

முதலில் ஜன்னலைப் பாருங்கள், அதற்குக் காசு கிடையாது. வடக்கு ஜன்னல்தான் சிறந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். நம் கரைக்கு அது பாதி ஆண்டுதான் பொருந்தும். நாம் நிலநடுக்கோட்டுக்குச் சுமார் 9 பாகை வடக்கே இருக்கிறோம். சித்திரை பிறந்ததிலிருந்து ஆவணி நடுப்பகுதி வரை சூரியன் நமக்கு வடக்கே ஒதுங்கிப் போகிறது. அப்போது வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் சாய்வெயில் அடிக்கும், தெற்கு ஜன்னலில் நேர்வெயில் படாது. அந்த மாதங்களில் தெற்கு, புரட்டாசிக்குப் பிறகு வடக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெயில் விழும் ஜன்னல்தான் இருக்கிறது என்றால் வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துக் கட்டுங்கள். பழுப்பேறிய வேட்டி வேண்டாம், முகம் மஞ்சளடிக்கும். ஆனி, ஆடியில் கச்சான் காற்று வேட்டியைப் பாய் மாதிரி உப்ப வைக்கும். துணி ஆடினால் முகத்து வெளிச்சமும் ஆடும். கீழ் ஓரத்தில் ஒரு கம்பைச் சுருட்டிக் கட்டினால் நிற்கும்.

குழந்தையை ஜன்னலிலிருந்து 3 அடியில், வெளிச்சம் முன்பக்கவாட்டில் விழும்படி உட்கார வையுங்கள். 6 அடிக்குத் தள்ளினால் வெளிச்சம் கால்வாசியாகக்கூட இறங்கிவிடும். தரையில் உட்கார்ந்தால் வெளிச்சம் உச்சியிலிருந்து விழுந்து கண்குழி இருளும். கட்டிலில் ஏற்றி உட்கார வைத்து, கூடவே ஒருவர் இருக்கட்டும். கருவிழியில் ஜன்னல் வெள்ளைக் கட்டமாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் முகம் இன்னும் ஜன்னல் பக்கம் திரும்ப வேண்டும். அப்பத்தாவை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொன்னால் முகம் தானாகத் திரும்பும்.

நிழல் பக்கம் 2 அடியில், வெளிச்சம் திரும்பி முகத்தில் படும்படி தெர்மோகோலைச் சாய்த்து வையுங்கள். மீன், இறால் அனுப்பும் பெரிய பெட்டியின் மூடியே போதும்; சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வைத்தால் வாடை போய்விடும். பச்சையோ நீலமோ அடித்த சுவர் பக்கத்தில் இருந்தால் அந்த நிறம் கன்னத்தில் ஏறும். சுவரை ஒரு வெள்ளைத் துணியால் மறைத்துவிடுங்கள்.

ஜன்னலே இல்லாத ஓலை வீடா? வாசல் போதும். நிழல் விழும் நேரத்தில் நிலைப்படிக்கு உள்ளே 3 அடியில், வெளியே பார்க்கும்படி உட்கார வையுங்கள். வாசல் மணல் கீழிருந்து வெளிச்சத்தை ஏற்றித் தரும். தாடைக்கடியில் மிகுதியாக வெளுத்தால் மணல்மேல் ஒரு கோரைப்பாயை விரியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழைநாளுக்கும் இரவுக்கும் 20 வாட் எல்இடி பல்ப் இரண்டு, 6500 கெல்வின் (வெள்ளை வெளிச்சம்), ஒரே கம்பெனியில் வாங்குங்கள். பெட்டியில் சிஆர்ஐ (நிறத்தை எவ்வளவு இயல்பாகக் காட்டும் என்ற அளவு) 90 என்று போட்டிருந்தால் தோல் நிறம் உயிரோடு வரும். 80 இருந்தாலும் சமாளிக்கலாம். ஹோல்டர், வயர், தெர்மோகோல் எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். பெயிண்ட் வாளியில் மணல் நிரப்பி 6 அடிச் சவுக்குக் கம்பை நடுங்கள். பல்புகளை ஒன்றரை அடி இடைவெளியில் கட்டி, முன்னே 2 அடி தள்ளி வேட்டியைத் தொங்கவிடுங்கள். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: துணியைப் பல்புக்கு ஒட்டினாற்போல் கட்டினால் நடுவில் ஒரு வட்டம் மட்டும் எரியும், அது சின்ன வெளிச்சம்தான். துணி முழுக்க ஒரே சீராக ஒளிர வேண்டும். வேட்டிக்கும் குழந்தைக்கும் 3 அடி இருக்கட்டும். ஹாலஜன் விளக்கைத் துணியருகே கொண்டுபோகவே கூடாது. வயரைச் சுவரோரமாக ஒட்டிவிடுங்கள், பிள்ளை கால் தட்டும்.

வீட்டு மஞ்சள் பல்பை அணைத்துவிடுங்கள். இரண்டு நிற வெளிச்சம் கலந்தால் முகம் பாதி மஞ்சள், பாதி நீலமாகும். பிறகு திருத்துவது பெரும்பாடு.

படத்தில் கறுப்புப் பட்டை ஓடினால் மலிவு எல்இடியின் துடிப்புதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல்ப் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை (கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரம்) 1/100 நொடி வையுங்கள், பட்டை மறையும். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தொல்லை இல்லை. ஷட்டர் 1/200 நொடி அல்லது அதைவிட வேகமாக, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) 400 முதல் 800. பல்ப் விட்டு விட்டு எரிந்தால் உப்புக் காற்றில் ஹோல்டர் பித்தளையில் களிம்பு ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு உப்புத்தாளால் தேயுங்கள்.

முகத்தில் பவுடர் கனமாக இருந்தால் மாநிறத் தோல் சாம்பல் பூத்துத் தெரியும். எண்ணெய் வழிந்தால் நெற்றி வெள்ளைத் திட்டாகும். இரண்டையும் பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள்.

செல்போன் திரையில் தெரியும் முகத்தை விரலால் அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டுங்கள். நைட் மோட் பல படங்களை ஒன்றாக்குவதால் அசையும் குழந்தை கலங்கிவிடும், அதை அணைத்துவிடுங்கள். 4 அடிக்கு உள்ளே போனால் மூக்கு பெரிதாகத் தெரியும். எடுக்கும் முன் லென்ஸை ஈரப் பஞ்சால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். படிந்திருக்கும் உப்புப் படலம்தான் ஜன்னலைச் சுற்றிப் புகைபோலத் தெரிகிறது.