சேலைப் பட்டியலில் படம் தெரிய: டிரைவ் லிங்க்கை நேரடிப் பட முகவரியாக மாற்றும் முறை

இளம்பிள்ளையில் சேலை நெய்து ரீசெல்லர்களுக்கு அனுப்புபவர்களிடம் இப்போது ஒரு கூகுள் ஷீட் இருக்கும். கோட் எண், கலர், விலை, இருப்பு எல்லாம் அதில் இருக்கும், படம் மட்டும் இருக்காது. ராமர் பச்சையா கிளிப்பச்சையா என்று எழுத்தை வைத்துத் தீர்மானிக்க முடியாததால், ஒவ்வொரு கோடுக்கும் வாட்ஸ்அப்பில் தனியாகப் படம் கேட்பார்கள். படங்கள் கூகுள் டிரைவில் ஏற்கெனவே இருந்தால் அவற்றை ஷீட்டின் கட்டத்துக்குள்ளேயே வரவழைக்கலாம்.

டிரைவில் 'காப்பி லிங்க்' அழுத்தினால் கிடைப்பது படத்தின் முகவரி அல்ல, படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தின் முகவரி. அந்தப் பக்கத்தில் டவுன்லோட் பட்டன், மெனு எல்லாம் இருக்கும். ஷீட்டுக்குப் படக் கோப்பு மட்டுமே தேவை என்பதால் பக்கத்தைக் கொடுத்தால் கட்டம் வெறுமையாக நிற்கும். படம் வராததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான், இல்லையென்றால் அனுமதி.

முதலில் அனுமதி. பட்டியலுக்கான படங்களுக்கு மட்டும் டிரைவில் தனி ஃபோல்டர் போடுங்கள். படத்தின் பெயர் கோட் எண்ணாகவே இருக்கட்டும். ஃபோல்டரில் வலது கிளிக் செய்து 'ஷேர்' போங்கள். 'ஜெனரல் ஆக்சஸ்' என்ற இடத்தில் 'ரெஸ்ட்ரிக்டட்' என்றிருப்பதை 'எனிஒன் வித் தி லிங்க்' என மாற்றி, பக்கத்தில் 'வியூவர்' என்றே விடுங்கள். 'எடிட்டர்' கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் படங்களுக்கும், பிறகு போடும் படங்களுக்கும் இதே அனுமதி தானாக வரும். அதனால்தான் தனி ஃபோல்டர்: லிங்க் கிடைத்த யாரும் அதைத் திறக்கலாம், ஆகவே பில், ஆதார் நகல் எதுவும் அதற்குள் போகக் கூடாது.

அடுத்து லிங்க். படத்தில் வலது கிளிக், ஷேர், காப்பி லிங்க். ஷீட்டில் 'டி', 'ஈ' காலங்களை (நெடுவரிசைகளை) காலியாக வைத்துக்கொண்டு, அந்தக் கோடுக்கு நேராக 'டி' காலத்தில் ஒட்டுங்கள். ஒட்டியதும் 'சிப்' ஆக (கோப்பின் பெயரைக் காட்டும் சிறு பட்டனாக) மாற்றட்டுமா என்று ஷீட் கேட்கும். வேண்டாம், முகவரி எழுத்தாகவே நிற்க வேண்டும். பல படங்களைச் சேர்த்துத் தேர்ந்தெடுத்தும் லிங்க் எடுக்கலாம், காற்புள்ளியிட்டு வரிசையாக வரும். ஆனால் எந்த லிங்க் எந்தக் கோடுக்கு என்று பிறகு திறந்து திறந்து பார்க்க வேண்டியிருக்கும். முப்பது நாற்பது சேலை என்றால் ஒவ்வொன்றாக எடுப்பதே மேல்.

இனி மாற்றும் வேலை. ஒட்டிய முகவரியைப் பாருங்கள். 'ஃபைல்/டி/' என்பதற்குப் பின் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளமான கோவை, அதன்பின் '/வியூ?யுஎஸ்பி=ஷேரிங்' என்று இருக்கும். நடுவில் இருக்கும் கோவைதான் படத்தின் ஐடி. அதைத் தொடாமல் முன்னும் பின்னும் மட்டும் மாற்ற வேண்டும். ஃபார்முலா எழுதிப் பிரிப்பதைவிட 'ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்' போதும். டி காலத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல், ஹெச் அழுத்துங்கள். (தமிழில் தருவதை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி இல்லாமல் தட்டவும்.)

1. 'ஃபைல்/டி/' என்பதற்குப் பதில் 'தம்ப்நெயில்?ஐடி='
2. '/வியூ?யுஎஸ்பி=ஷேரிங்' என்பதற்குப் பதில் '&எஸ்இசட்=டபிள்யூ400'

'ரீப்ளேஸ் ஆல்' கொடுங்கள். சில லிங்க்குகளின் கடைசியில் 'ஷேரிங்' இருக்காது, 'டிரைவ்_லிங்க்' இருக்கும். அவற்றுக்கு, தேடும் இடத்தில் 'ஷேரிங்' என்பதற்குப் பதில் 'டிரைவ்_லிங்க்' போட்டு, இரண்டாவது மாற்றத்தை இன்னொரு முறை செய்ய வேண்டும். 'எஸ்இசட்' அளவைச் சொல்கிறது, 'டபிள்யூ400' என்றால் 400 பிக்சல் அகலம். பட்டியலுக்கு இது தாராளம். முந்தி ஜரிகையை நெருக்கத்தில் காட்டவோ, சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசின் சலங்கை வேலை தெரியவோ வேண்டுமானால் 1000 போடலாம். எல்லாப் படத்துக்கும் 1000 போட்டால் போனில் ஷீட் இழுத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு 'ஈ2' கட்டத்தில் =இமேஜ்(டி2) என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் அழுத்தி, கீழே இழுத்துவிடுங்கள். வெளியிலிருந்து தகவல் எடுக்க அனுமதி கேட்டு மேலே ஒரு பட்டை வந்தால் 'அலவ் ஆக்சஸ்' கொடுங்கள். வரிசையின் இயல்பான உயரம் 21 பிக்சல்தான் என்பதால் படம் கடுகளவில் தெரியும். வரிசைகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து உயரத்தை 150 ஆக்குங்கள். காலத்தையும் கொஞ்சம் அகலப்படுத்துங்கள். டி2-க்குப் பின் காற்புள்ளியிட்டு 2 போட்டால் படம் கட்டத்துக்கேற்ப இழுபட்டுச் சேலை பாவாடை மாதிரி ஆகிவிடும். ஒன்றும் போடாமல் விட்டால் விகிதம் மாறாமல் பொருந்தும்.

படம் வரவில்லையா? டி காலத்து முகவரியை இன்காக்னிட்டோ ஜன்னலில் (உங்கள் லாகின் இல்லாமல் திறக்கும் ஜன்னல்) ஒட்டிப் பாருங்கள். லாகின் கேட்டால் அனுமதி சரியில்லை. நிறுவன மெயில் கணக்காக இருந்தால் வெளியாட்களுக்குப் பகிர்வதை அட்மின் தடுத்திருக்கலாம். படம் தெரிகிறது, ஷீட்டில் மட்டும் இல்லை என்றால் ஃபார்முலாவில் எழுத்துப் பிழை இருக்கலாம், அல்லது 'அலவ் ஆக்சஸ்' கொடுக்காமல் விட்டிருக்கலாம். நேற்று வந்த படம் இன்று காணோம் என்றால், யாரோ பழையதை அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றியிருப்பார்கள். புதிதாக ஏற்றும்போது ஐடி மாறிவிடும். நல்ல வெளிச்சத்தில் மறுபடி எடுத்த படத்தை மாற்ற வேண்டுமானால் 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' வழியே ஏற்றுங்கள், ஐடி அப்படியே நிற்கும்.

எக்செல்லில் இமேஜ் ஃபார்முலா மைக்ரோசாஃப்ட் 365-இல் உண்டு. அங்கே காற்புள்ளிக்குப் பின் இரண்டாவதாக வருவது அளவு அல்ல, படத்துக்கான விளக்க எழுத்து. டிராப்பாக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: லிங்க்கின் கடைசியில் உள்ள 'டிஎல்=0' என்பதை 'ரா=1' ஆக்கினால் போதும்.

ஒன்று கவனியுங்கள். இமேஜ் ஃபார்முலாவுக்கு டிரைவ் முகவரிகள் ஆதரிக்கப்படுவதில்லை என்றே கூகுளின் உதவிப் பக்கம் சொல்கிறது. நடைமுறையில் வேலை செய்கிறது, ஆனால் நிரந்தரம் என்று நம்ப வேண்டாம். கடைக்குச் சொந்த வெப்சைட் இருந்தால் படங்களை அங்கே ஏற்றி அந்த முகவரியைக் கொடுப்பதே உறுதி. மாறாத பத்துப் பன்னிரண்டு படம்தான் என்றால் இவ்வளவும் தேவையே இல்லை, 'இன்சர்ட்' மெனுவில் கட்டத்துக்குள் படம் வைக்கும் வசதி போதும்.

ரீசெல்லருக்கு ஷீட்டை அனுப்பும்முன் அடக்க விலைக் காலத்தை ஹைட் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வியூவராக இருப்பவரும் ஷீட்டை ஒரு நகல் எடுத்து, மறைத்த காலத்தைத் திறந்துவிடலாம். அடக்க விலைக்கு வேறு ஃபைல் வையுங்கள்.