வண்டி பிளாஸ்டிக்கில் பழைய பெயின்ட்டை எடுப்பது எப்படி?

நெல் மூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றி ஏற்றியே எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டிகளில் சைடு பேனல் பாதிப் பெயின்ட்டோடுதான் நிற்கும். உரியும் பெயின்ட் மேலேயே புதுசை அடித்தால் அதுவும் சேர்ந்து உரியும்.

முதலில் பேனலைக் கழற்றித் திருப்பிப் பாருங்கள். உட்பக்கத்தில் அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதைக் காட்ட ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP) என்று ஆங்கில எழுத்தில் பெரும்பாலும் சின்னதாக அச்சு இருக்கும். இதைப் பார்க்காமல் வேலையைத் தொடங்கவே கூடாது. ஏபிஎஸ் தின்னரில் கரையும். என் முதல் பேனலைத் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தேன். பெயின்ட்டோடு பிளாஸ்டிக்கும் இளகி, துணியின் இழை இழையாக அதில் பதிந்துவிட்டது. அந்தப் பேனலை அப்புறம் காப்பாற்ற முடியவில்லை. தின்னர், அசிட்டோன், இரும்புக்கு விற்கும் பெயின்ட் ரிமூவர் மூன்றும் வேண்டாம். பிபி தின்னரில் கரையாது, ஆனால் அதில் பெயின்ட் லேசில் ஒட்டாது. பல இடங்களில் நகத்தால் சுரண்டினாலே வந்துவிடும்.

பாத்திரம் கழுவும் சோப்பால் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுங்கள். சரி, இனி உப்புத்தாள். தண்ணீரில் தேய்க்கும் வகையாக 320, 600 நம்பரில் வாங்கிப் பத்து நிமிடம் வாளியில் ஊறப் போடுங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, அதன் மேல் 320-ஐச் சுற்றிப் பிடியுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். வழியும் தண்ணீரைக் கவனியுங்கள்: என் சிவப்புப் பேனலில் முதலில் சிவப்பாக வந்தது, அப்புறம் சாம்பலாக. சாம்பல் வந்தால் பிரைமர், அதாவது பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் அடிப்பூச்சு, வந்துவிட்டது. அது கெட்டியாகப் பிடித்திருந்தால் விட்டுவிடுங்கள், அதையும் சுரண்டி எடுப்பது வீண் உழைப்பு. ஓரங்களில் கை லேசாகப் போகட்டும், அங்கேதான் சீக்கிரம் தேயும். கடைசியாக 600-ஆல் ஒரு சுற்று.

தாள் நுழையாத இடுக்குக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்து அரை மணி நேரம் வைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்கலாம். முதலில் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்துச் சோதியுங்கள். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஸ்பிரே கேனில் அடித்த பெயின்ட் பல சமயம் இதில் இளகும். கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் அசையாது. பிரேக் ஆயிலில் ஊறவைக்கச் சொல்பவர்களும் உண்டு. பிசுக்கு கொஞ்சம் மிஞ்சினாலும் புதுப் பெயின்ட் பிடிக்காது என்பதால் நான் அதைத் தொடுவதில்லை.

வாளித் தண்ணீரைத் தயவுசெய்து வாய்க்காலில் கொட்டாதீர்கள். அது வயலுக்குப் போகிற தண்ணீர். ஓர் இரவு தெளியவிட்டு, அடி வண்டலைத் துணியில் வடித்துக் காயவைத்துக் குப்பையில் சேருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெயின்ட் வேலை வேண்டாம், ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப்போகும். தை பிறக்கட்டும். அப்போதும் பனி விலகி வெயில் ஏறிய பிறகே அடியுங்கள். அதற்கு முன் பேனலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் இன்னும் எண்ணெய் இருக்கக்கூடும், மறுபடி சோப்பு போடுங்கள். ஒரே ஏடாகப் பரவினால் நன்றாகக் காயவைத்து, பிளாஸ்டிக் பிரைமரை எடுக்கலாம்.