பிளாட்டர் (பெரிய வரைபடம், பேனர் அச்சடிக்கும் மெஷின்) வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் அகலம். ஏ1 வரைபடம் (594 × 841 மி.மீ.) வரைதான் வேலை என்றால் 24 அங்குல மாடல் போதும். ஏ0-வின் அகலமே 841 மி.மீ. என்பதால் அதற்கு 36 அங்குலம் வேண்டும். சந்தேகம் இருந்தால் 36-ஐயே எடுங்கள். பெரிய மெஷினில் சின்ன ரோல் போடலாம், சின்ன மெஷினை இழுத்து அகலமாக்க முடியாது.

அடுத்தது மை. டை மை (சாயம் கரைந்த மை) ஈரம் பட்டால் கசியும். கட்டட சைட்டுக்குப் போகும் பிளானுக்கு பிக்மென்ட் மைதான் (நுண்ணிய நிறத்துகள் கலந்தது) சரி. வெயிலில் நிற்கும் வினைல் பேனர் என்றால் ஈகோ சால்வென்ட் (நீருக்குப் பதில் கரைப்பான் சார்ந்த மை). சாதா வினைலில் நீர் சார்ந்த மை பிடிக்காது.

பலர் கணக்கில் விடுவது ஹெட்டை, அதாவது மையைத் தெளிக்கும் பாகத்தை. மெஷின் சும்மா கிடந்தால் மை காய்ந்து நாசில் (ஹெட்டில் மை வரும் நுண்துளை) அடைக்கும். கிளீனிங் ஓட்ட ஓட்ட மை வேஸ்ட் டேங்குக்குப் போகும். வாரம் ஒரு நாசில் செக் பிரிண்ட் எடுத்தாலே பாதித் தொல்லை குறையும். ஹெட் விலையையும், அதை நீங்களே மாற்ற முடியுமா என்பதையும் முன்பே கேளுங்கள்.

டெமோவுக்கு உங்கள் ஃபைலையே கொடுங்கள். 500 மி.மீ. கோட்டை நெடுக்கிலும் (பேப்பர் நகரும் திசை) குறுக்கிலும் அச்சடித்து, ஸ்டீல் ஸ்கேலால் அளந்து பாருங்கள். நெடுக்கில் மட்டும் குறைந்தால் பேப்பர் ஃபீட் அளவுத்திருத்தம் தேவை.