ஸ்லக் சிதறியதற்குக் காரணம் பேரல்

என் .22 (அங்குலத்தில் குழல் அளவு) பிசிபி ரைஃபிளில், அதாவது அடைத்துவைத்த அழுத்தக் காற்றால் சுடும் துப்பாக்கியில், இடை குறுகிய ஈயக் குண்டான பெல்லட் ஒரே இடத்தில் அழகாகக் கூடி விழும். உருளை வடிவக் குண்டான ஸ்லக் போட்டால் 50 மீட்டரில் அட்டை முழுக்கச் சிதறும். ஸ்கோப், மவுண்ட் திருகு எல்லாம் இறுக்கம்தான். காற்று மந்தம். மிச்சம் இருந்தது பேரல், அதாவது துப்பாக்கிக் குழல்.

பெல்லட்டின் பின்விளிம்பு மெல்லியது; காற்றழுத்தத்தில் விரிந்து பேரலை அடைத்துக்கொள்ளும். ஸ்லக் அப்படி வளைந்து கொடுக்காது. உடல் முழுக்கப் பேரலோடு உரசிப் போவதால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசமே ஆட்டத்தை மாற்றிவிடும். அதனால்தான் .22க்கே .216, .217, .218 அங்குல விட்டங்களில் ஸ்லக் விற்கிறார்கள்.

ரைஃபிளைக் காலி செய்து, காற்றை வெளியேற்றி, பேரலைக் கழற்றினேன். .217 ஸ்லக் ஒன்றைப் பின்பக்கமிருந்து கம்பியால் மெதுவாகத் தள்ளினேன். கைக்கே கதை தெரிந்தது: நடுவில் வழுக்கல், வாய்க்கருகே குழல் சற்றுக் குறுகும் சோக்கில் மட்டும் லேசான பிடி. வெளியே வந்த ஸ்லக்கில் ரைஃப்லிங் (குண்டைச் சுழலவைக்கும் உட்பள்ளங்கள்) தடம் மங்கலாக இருந்தது. போதாததற்கு ஒரு பக்கம் நீளமாக ஒரு கீறல். காற்று நுழையும் துளையின் உள்விளிம்பில் பிசிர்! தொழிற்சாலையிலேயே தேய்த்திருக்க வேண்டிய வேலை.

பிசிரை நுண்ணிய பாலிஷ் பேஸ்ட்டால் நீக்கினேன், ரைஃப்லிங்கைத் தொடவில்லை. ஈயப் படிவு போகத் துடைத்து, .218 தள்ளினேன். முழு நீளமும் ஒரே சீரான இறுக்கம், தடமும் சுற்றிலும் தெளிவு.

இப்போது அதே 50 மீட்டரில் துளைகள் ஒன்றையொன்று தொடுகின்றன. வேகம் சற்றுக் குறைந்தது, காற்று வால்வைத் தட்டித் திறக்கும் ஹேமரின் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் ஏற்றிச் சரிசெய்தேன்.