இத்தாலியின் மலையூர்களுக்கு நண்பர்களோடு கார்ப் பயணம்: கொழும்பிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

துஸ்கனியிலும் உம்பிரியாவிலும் உள்ள பழைய ஊர்கள் பெரும்பாலும் குன்றின் உச்சியில், மதிலுக்குள் இருக்கின்றன. அந்த மதிலுக்குள் வெளியூர்க் காருக்கு இடமில்லை. இந்தப் பயணம் கெட்டுப்போவது அநேகமாக இந்த ஒரு விஷயத்தில்தான். ஊருக்கும் ஊருக்கும் இடையில் ஓடத்தான் கார். ஊரைப் பார்க்கக் கால் இருக்கிறது. ஆகவே திட்டம் போடும்போது ஹொட்டேலைத் தேடுவதற்கு முன், ஒவ்வோர் ஊரிலும் காரை எங்கே விடப்போகிறீர்கள் என்பதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கொழும்பில் முடிக்க வேண்டியவை

ஷெங்கன் விஸாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். வழமையாக 15 நாளில் முடிவு வரும், சில வேளை 45 நாள் வரை இழுக்கும். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவைத் தாங்கும் பயணக் காப்புறுதி கட்டாயம். நண்பர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் எல்லோருடைய பயண நிரலும் தங்குமிடப் பதிவும் ஒரே மாதிரி இருக்கட்டும். ஒருவர் எட்டு நாள் என்றும் மற்றவர் பத்து நாள் என்றும் எழுதிக் கொடுத்தால் வீண் கேள்விகள் வரும்.

கார் ஓட்டப்போகிற ஒவ்வொருவருக்கும் சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் வேண்டும். காலி முகத்திடலுக்குப் பக்கத்தில், சர் மாக்கான் மாக்கார் மாவத்தையில் உள்ள ஒட்டோமொபைல் அசோசியேஷன் ஒஃப் சிலோனில் அதை எடுக்கலாம். அது நம்முடைய லைசன்ஸின் மொழிபெயர்ப்பு மாதிரித்தான். அதை மட்டும் கொண்டுபோனால் செல்லாது, இலங்கை லைசன்ஸ் அட்டையும் கையில் இருக்க வேண்டும்.

அடுத்தது கிரெடிட் கார்ட். வாடகைக் கார் கொடுக்கும் இடத்தில் வைப்புப் பணமாக ஒரு தொகையைக் கார்டில் பிடித்து வைப்பார்கள். சில நூறு யூரோ முதல் ஆயிரத்துக்கு மேலும் போகும். அந்தக் கார்ட், பதிவு செய்த பிரதான சாரதியின் பெயரிலேயே இருக்க வேண்டும். நண்பனின் கார்டை நீட்டினாலோ டெபிட் கார்டைக் கொடுத்தாலோ பல கவுண்டர்களில் சாவி தரமாட்டார்கள். வெளிநாட்டுப் பாவனைக்குக் கார்டைத் திறந்துவிடும்படியும், கடன் எல்லை இந்தத் தொகைக்குப் போதுமா என்றும் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே வங்கியில் கேட்டுவிடுங்கள்.

எந்தக் கார், எத்தனை பேர்

ஒரு காருக்கு நான்கு பேர்தான் சரி. ஐந்தாவது ஆள் வந்தால் பின் சீற்றில் நடுவில் இருப்பவருக்குப் பயணம் முழுக்கத் தண்டனை, பைகளுக்கும் இடமில்லை. ஆறு பேர் என்றால் வேன் எடுக்காமல் இரண்டு சிறிய கார் எடுங்கள். இரண்டு பக்கமும் கல் மதில் நெருக்கும் ஒழுங்கைகளில் வேனைத் திருப்புவது பெரும்பாடு. அதற்காக மிகச் சிறிய காருக்கும் இறங்கிவிடக் கூடாது. இத்தாலியில் எங்கும் காணும் ஃபியற் பாண்டாவின் டிக்கி 225 லீற்றர்தான், இரண்டு நடுத்தரப் பெட்டியோடு நிரம்பிவிடும். நான்கு பேருக்கு ஸ்டேஷன் வேகன் பொருத்தம். பெட்டி ஆளுக்கு ஒன்று, நடுத்தர அளவு.

கொழும்பில் ஓட்டோ கியரிலேயே பழகியவர்கள் ஓட்டோ கார் என்று குறிப்பிட்டே பதிவு செய்யுங்கள். சொல்லாவிட்டால் கிடைப்பது அநேகமாக மனுவல். ஓட்டோவுக்குக் கூடுதல் காசு உண்டு, ஆனாலும் கொடுப்பது நல்லது. சரிவில் நின்று கிளம்ப வேண்டிய இடங்கள் ஏராளம். அங்கே இடது காலில் கிளச், வலது கையில் கியர், எதிர்ப்பக்கத்தில் வீதி என்று மூன்றையும் ஒன்றாகப் பழக நேரமிருக்காது.

ஒரு வாரத்துக்கான பாதை

வளைகுடா வழியாக ரோமின் ஃபியுமிசீனோ விமான நிலையத்தில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரவு முழுக்கப் பறந்துவிட்டு அன்றே கார் எடுக்காதீர்கள். அந்த இரவு ஃபியுமிசீனோவிலேயே தூங்கி, மறுநாள் காலை கார் எடுங்கள். ரோம் நகருக்குள் நுழையாமல் சுற்றுப்பாதையில் ஏறி, ஏ1 அதிவேகப் பாதையில் வடக்கே திரும்பினால் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்தில் ஒர்வியேத்தோ.

முதல் ஊராக ஒர்வியேத்தோவை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. மலையடியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பெரிய தரிப்பிடம். அங்கே காரை விட்டு, கம்பியிழுவை ரயிலில் ஏறினால் சில நிமிடத்தில் உச்சி. மேற்குப் பக்கத்தில் காம்போ தெல்லா ஃபியேரா தரிப்பிடத்திலிருந்து நகரும் படிக்கட்டிலும் ஏறலாம். கம்பியிழுவை ரயில் கொண்டுவந்து விடும் இடத்துக்கு அருகிலேயே புனித பத்ரீசியோ கிணறு இருக்கிறது. 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது ஒர்வியேத்தோவுக்குத் தப்பி வந்த பாப்பரசர் ஏழாம் கிளமெந்து, முற்றுகை வந்தாலும் தண்ணீர் குறையக்கூடாது என்று வெட்டுவித்தது. 248 படி. இறங்க ஒரு சுருள், ஏற இன்னொரு சுருள். இரண்டும் ஒன்றையொன்று சுற்றிப் போனாலும் இடைவழியில் எங்கும் சந்திப்பதில்லை. தண்ணீர் எடுக்க இறங்கும் கோவேறு கழுதை ஏறிவரும் கழுதையோடு முட்டக்கூடாது என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். இறங்கும்போது சுவரில் உள்ள ஜன்னல்களில் எட்டிப் பாருங்கள். எதிர்ப்பக்க ஜன்னலில் ஏறிக்கொண்டிருப்பவரின் முகம் தெரியும், ஆனால் அவரிடம் போக வழி இராது.

ஒர்வியேத்தோவில் ஓர் இரவு. மறுநாள் சுமார் 20 கிலோமீற்றர் தள்ளி சீவித்தா தி பஞ்ஞோரேஜோ. மண் சரிந்து சரிந்து தனித்துப்போன ஒரு மேட்டில் நிற்கும் சிற்றூர். நடைபாலம் ஒன்றுதான் வழி, நுழைவுக்குக் கட்டணம் உண்டு. கார் பஞ்ஞோரேஜோவில் நிற்கும். காலை ஒன்பது மணிக்கு முன் போய்விட்டால் பாலத்தில் நெரிசல் இல்லை.

அங்கிருந்து பியென்சாவுக்கும் மொந்தேபுல்ச்சானோவுக்கும் இடைப்பட்ட பகுதியில் மூன்று இரவு. இந்த இரண்டு ஊருக்கும் இடையில் 14 கிலோமீற்றர்தான். ஊருக்குள் அறை எடுக்காமல் தோட்டத்து விடுதியில் தங்குங்கள். ‘ஆக்ரித்தூரிஸ்மோ’ என்று தேடினால் கிடைக்கும். கார் வாசலிலேயே நிற்கும், சமையலறையும் பல இடங்களில் உண்டு. ஆனால் அங்கே போகும் கடைசி ஓரிரு கிலோமீற்றர் பெரும்பாலும் கிரவல் பாதை. வாடகைக் காப்புறுதியில் டயர், கண்ணாடி, காரின் அடிப்பாகம் ஆகியவை பெரும்பாலும் சேராதவை. முன்னால் போகும் காரிலிருந்து நன்றாக விலகி, 30இல் போங்கள். சியெனாவை இங்கிருந்தே ஒரு நாளில் பார்க்கலாம், ஒரு மணித்தியால ஓட்டம். சான் ஜிமிஞ்ஞானோவை இந்த ஒரு வாரத்தில் விட்டுவிடுவதே நல்லது. கோபுரங்கள் அழகுதான், ஆனால் அங்கே போய்வர நாளில் பாதி வீதியில் போய்விடும்.

கடைசி இரண்டு இரவு அசிசி. வழியில் கொர்த்தோனா. பெருஜாவுக்கும் போவதென்றால் கீழே பியான் தி மசியானோவில் காரை விட்டு மினிமெத்ரோ என்ற சிறு நகர ரயிலில் ஏறுங்கள். கொச்சிக்கடை அந்தோனியாரிடம் செவ்வாய்தோறும் போகிறவர்களுக்கு அசிசி இன்னும் நெருக்கமாக இருக்கும். அந்தோனியார் சேர்ந்த சபையைத் தொடங்கிய பிரான்சிஸ் அடக்கமானது இங்கேதான். பசிலிக்காவின் கீழ்க்கோயிலுக்கும் அடியில் அவருடைய கல்லறை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். ஒக்டோபர் 4 அவருடைய திருநாள், அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம்.

காலம் என்றால் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடு வரை, அல்லது செப்ரெம்பர். ஜூலை 2, ஓகஸ்ட் 16 ஆகிய இரண்டு நாளும் சியெனாவில் பாலியோ குதிரைப் பந்தயம். அதைப் பார்ப்பதற்கென்றே போகாவிட்டால் அன்று அந்தப் பக்கம் வேண்டாம்.

முதல் ஒரு மணித்தியாலம்

தரிப்பிடத்தை விட்டு வெளியே வரும் முன் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள். நான்கு சில்லின் விளிம்பும், முன் கண்ணாடியும் கட்டாயம். பிறகு அதே தரிப்பிடத்துக்குள் பத்து நிமிடம் சுற்றுங்கள். நம்முடைய ஜப்பான் கார்களில் சிக்னல் பிடி வலப்பக்கம். அங்கே இடப்பக்கம். திரும்ப நினைத்துக் கையை வைத்தால் வைப்பர் அடிக்கத் தொடங்கும். இரண்டாவது, காரை உங்கள் பக்கப் பாதையின் நடுவில் வைப்பது. இருக்கை இடப்பக்கம் மாறியதால் கார் தானாகவே வலது ஓரத்துக்கு ஒதுங்கும். கல் மதிலில் வலப்பக்கக் கண்ணாடி உரசுவது இதனால்தான். ‘நான் நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்’ என்று சாரதி மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

சுற்றுவட்டத்தில் இடஞ்சுழியாகப் போக வேண்டும், இடப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். பலகை ஒன்றும் இல்லாத சந்தியில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு முன்னுரிமை. ஒடுங்கிய மலைப்பாதையில் இருவர் எதிர்ப்பட்டால் இறங்குகிறவர்தான் ஒதுங்கி வழிவிட வேண்டும். ஊருக்கு வெளியே பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். வளைவுகளைப் பற்றி அதிகம் பயம் தேவையில்லை, மஹியங்கனையின் 18 வளைவுகளில் ஓட்டியவருக்கு இவை பழகியவை போலத்தான் இருக்கும். கடுகண்ணாவையில் செய்வது போலவே இறக்கத்தில் சிறிய கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்தபடியே போகாதீர்கள்.

மதிலுக்குள் நுழையும் இடத்தில் கமரா

வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், கீழே ‘சோனா த்ராஃபிகோ லிமிதாதோ’ என்று எழுதிய பலகை. உள்ளூர்க் கார்களுக்கு மட்டும் என்று பொருள். பொலிஸ்காரர் யாரும் நிற்கமாட்டார், தடைக்கம்பமும் இராது. மேலே ஒரு கமரா இலக்கத் தகட்டைப் படம் எடுக்கும், அவ்வளவுதான். அபராதம் 83 யூரோவிலிருந்து தொடங்கும். இன்னொரு நாளும் வழி தவறி நுழைந்தால் இன்னோர் அபராதம். அதோடு உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்காக வாடகைக் கம்பனி தனியாக ஒரு தொகையைக் கார்டில் கழிக்கும்.

பலர் ஏமாறும் இடம் மின்பலகை. ‘வார்கோ அத்திவோ’ என்று எரிந்தால் ‘வாசல் திறந்திருக்கிறது’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் கட்டுப்பாடு இப்போது நடைமுறையில் இருக்கிறது, நுழையாதே என்று பொருள். நடுவில் ‘நொன்’ என்ற சொல் சேர்ந்திருந்தால் மட்டுமே போகலாம். கைப்பேசி வரைபடத்தையும் நம்ப வேண்டாம், அது கிட்டிய வழி என்று நேரே உள்ளே கூட்டிப்போகும். ஊரின் பெயரைப் போட்டு வழி தேடாமல் தரிப்பிடத்தின் பெயரைப் போட்டுத் தேடுவதே மருந்து. மதிலுக்குள் அறை எடுத்திருந்தால் முதல் நாளே காரின் இலக்கத்தை ஹொட்டேலுக்கு அனுப்பி, பதிந்தாயிற்று என்று பதில் வந்த பிறகே நுழையுங்கள்.

தரிப்பிடக் கோடுகளில் வெள்ளை இலவசம், நீலம் காசு, மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது. வெள்ளைக் கோட்டிலும் சில இடங்களில் நேர எல்லை உண்டு. அங்கே வந்த நேரத்தைக் காட்டும் அட்டைக் கடிகாரத்தை முன்கண்ணாடியில் வைக்க வேண்டும். பலகையில் ஒரு கிழமையின் பெயரும் காரை இழுத்துப் போகும் படமும் இருந்தால் அன்று அந்த இடத்தில் பெரும்பாலும் சந்தை, காரைத் தூக்கிவிடுவார்கள்.

அதிவேகப் பாதையும் எரிபொருளும்

தெற்கு அதிவேகப் பாதையைப் போலவே ஏறும்போது டிக்கெட், இறங்கும்போது காசு. மஞ்சள் நிற ‘டெலிபாஸ்’ வழியில் மட்டும் போகாதீர்கள், அது தானாகக் காசு கழிக்கும் கருவி பொருத்திய கார்களுக்கு. தவறிப் போய்விட்டால் பின்னால் எடுக்கவே கூடாது. உதவிப் பொத்தானை அழுத்துங்கள், ஒரு துண்டு வரும், 15 நாளுக்குள் இணையத்தில் கட்டலாம். வேகம் 130, மழையில் 110. மற்ற வீதிகளில் பெரும்பாலும் 90, ஊருக்குள் 50. ஏ1இல் இரண்டு இடங்களுக்கு இடைப்பட்ட சராசரி வேகத்தையும் கமரா கணக்கிடும், ஆகவே கமராவைக் கண்டதும் குறைப்பதில் பயனில்லை.

பெற்றோல் என்றால் ‘பென்சினா’. ‘கசோலியோ’ என்பதைக் கசோலின் என்று நினைத்துப் பெற்றோல் காருக்குள் விட்டுவிடாதீர்கள், அது டீசல். விட்டுவிட்டால் ஸ்டார்ட் பண்ணாமல் வாடகைக் கம்பனிக்கு அழையுங்கள். ஓட விட்டால் செலவு பல மடங்கு. ‘செர்விதோ’ என்ற பம்பில் ஆள் வந்து அடிப்பார், விலை கூட. ‘செல்ஃப்’ மலிவு. மதியமும் ஞாயிறும் சிறிய நிலையங்களில் ஆள் இருக்கமாட்டார், இயந்திரம் மட்டும்தான். அது மிச்சக் காசு தராது, ஆகவே 10, 20 யூரோத் தாள்களை வைத்திருங்கள்.

நண்பர்களுக்குள்

முதல் நாளே ஆளுக்கு 100 யூரோ ஒரு பொதுப் பையில். எரிபொருள், சுங்கம், தரிப்பிடம் எல்லாம் அதிலிருந்து. பை ஒருவரிடமே இருக்கட்டும். 1, 2 யூரோக் குற்றிகளைத் தரிப்பிட இயந்திரத்துக்காகச் சேர்த்து வையுங்கள். அபராதம் வந்தால் நால்வரும் பிரித்துக் கட்டுவது என்று புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். வழி சொன்னவருக்கும் அதில் பங்குண்டு, சாரதியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை.

சாரதிகள் இருவர், நாள் விட்டு நாள். அன்றைய சாரதி குடிக்கக்கூடாது. சட்ட எல்லை லீற்றர் இரத்தத்துக்கு 0.5 கிராம், லைசன்ஸ் எடுத்து மூன்று வருடம் ஆகாதவருக்குச் சுழியம். மொந்தால்சீனோவில் வைன் ருசிக்க ஆசைப்பட்டால் போத்தலாக வாங்கி இரவு விடுதியில் திறக்கலாம்.

ஒரு நாளுக்கு இரண்டு ஊர் போதும், காலையில் ஒன்று, நாலு மணிக்குப் பிறகு ஒன்று. இடைப்பட்ட நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் இரண்டரை வரைதான், இரவுச் சமையல் ஏழரைக்கு முன் தொடங்காது. பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ இருக்கும், அது இருக்கைக் கட்டணம், ஏமாற்று அல்ல. மரக்கறிக்காரருக்குத் தக்காளியும் உள்ளியும் சேர்ந்த தடித்த ‘பீச்சி’ நூடில்ஸ் நன்றாக ஒத்துப்போகும். துஸ்கனிப் பாணில் உப்பே இராது. ஒரு சிறிய போத்தல் மிளகாய்த்தூள் கொண்டுபோவது நல்லது. கல் பாவிய சரிவுகளில் செருப்பு வழுக்கும், அடி பிடிக்கும் சப்பாத்துப் போடுங்கள்.

திருப்பிக் கொடுக்கும் நாளில் அசிசியிலிருந்து ஃபியுமிசீனோவுக்கு மூன்று மணித்தியாலம் ஒதுக்குங்கள். விமான நிலையத்துக்குக் கொஞ்சம் முன் தாங்கியை நிரப்பி ரசீதை வையுங்கள். மறுபடி வீடியோ எடுத்து, ஆள் வந்து பார்த்துக் கையெழுத்திட்ட தாளை வாங்குங்கள். வெளிநாட்டவருக்கான அபராதக் கடிதம் 360 நாள் வரை கழித்தும் கொழும்பு விலாசத்துக்கு வரலாம். அதுவரை அந்தத் தாள்களை எறிய வேண்டாம்.