கெரிங்சிங் வாங்குமுன் திருப்பிப் பாருங்கள்

பாலித் தீவின் கிழக்கே கராங்கசெம் பகுதியில் உள்ள தெங்கனான் ஊர், கெரிங்சிங் துணிக்குப் பேர்போனது. பாவு (நெடுக்கு நூல்), ஊடை (குறுக்கு நூல்) இரண்டையும் நெய்வதற்கு முன்பே கட்டிக் கட்டிச் சாயமேற்றுவார்கள். குஜராத் பட்டோலாவும் இதே முறைதான், ஆனால் அது பட்டு, இது பருத்தி.

கடையில் கெரிங்சிங் என்று நீட்டினால் முதலில் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் பெரும்பாலும் அச்சடித்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா? சரி, அத்தோடு விட்டுவிடாதீர்கள். எண்டெக் என்ற இன்னொரு பாலித் துணியும் அப்படித்தான் இருக்கும். ஓரத்தில் தொங்கும் பாவு நூல் ஒன்றைப் பிடித்து, துணிக்குள் அது போகும் வழியே பாருங்கள். கடைசிவரை ஒரே நிறமென்றால் எண்டெக். கெரிங்சிங்கில் அதே நூல் சிவப்பு, கருநீலம், வெளிர் மஞ்சள் என்று இடத்துக்கு இடம் மாறும். பூவின் விளிம்பும் லேசாகக் கலங்கியிருக்கும்.

சாயமேற்றி நெய்து முடிக்க வருடக்கணக்கில் ஆகும் துணி இது. மலிவாகக் கிடைத்தால் நம்பாதீர்கள். சட்டை தைக்கத்தான் என்றால், என்னைக் கேட்டால் எண்டெக்கே போதும்.