காட்ஃபாதர்: கல்யாணத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

எங்கள் திரைப்படக் குழுவில் புதியவர்கள் சேரும்போதெல்லாம் 'தி காட்ஃபாதர்' (1972) திரையிடுகிறோம். படம் முடிந்து விளக்கு எரிந்ததும் அவர்கள் கேட்கும் கேள்விகளில் என் இருபது வயது அசட்டுத்தனம் அப்படியே திரும்பி வரும். முதல்முறை பார்ப்பவர்கள் செய்யும் சில தவறுகள் இதோ. நடுவில் கைப்பேசியை நோண்டாதீர்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை.

கல்யாணத்தை ஓட்டிவிடுவது

நான் செய்த தவறு இது. ஒரு நாள் வாடகைக்கு எடுத்த வீடியோ கேசட். மறுநாள் காலையில் திருப்பித் தர வேண்டும். 175 நிமிடப் படத்தில் முதல் 25 நிமிடம் போல கல்யாண ஆட்டமும் பாட்டும்தானே என்று ஃபார்வர்டு பொத்தானை அழுத்தினேன். துப்பாக்கி கண்ணில் படும்வரை விரலை எடுக்கவில்லை. பிற்பாதியில், பிணவறையில் மாஃபியா தலைவர் டான் கார்லியோனேயின் முன் ஒருவர் நடுங்கி நிற்கிறார். யார், எதற்கு நடுங்குகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

மகளின் திருமணத்தன்று யார் எதைக் கேட்டாலும் சிசிலிக்காரர் மறுக்கக் கூடாதாம். அதனால்தான் தோட்டத்தில் விருந்து நடக்க, இருட்டறையில் டான் மனு வாங்குகிறார். முதல் மனு பொனசேராவுடையது. அவருக்கு ஈமச்சடங்கு நடத்திக் கொடுக்கும் தொழில். மகளை அடித்துச் சிதைத்தவர்களைத் தண்டிக்கக் கேட்கிறார். டான் பணம் வாங்கவில்லை. என்றாவது ஒரு நாள் பதிலுதவி கேட்கலாம் என்கிறார். அந்த நாள் வருகிறது. குண்டுகள் துளைத்த மகன் சன்னியின் உடலைத் தாய் பார்க்கும்படி சரிசெய்து தரச் சொல்கிறார். பழைய கடன் தெரியாதவனுக்கு அது வெறும் அழுகைக் காட்சி.

மாப்பிள்ளை கார்லோவுக்குப் பிழைக்க வழி செய்யுங்கள், குடும்பத் தொழிலை மட்டும் அவனிடம் பேசாதீர்கள் என்று டான் சொல்வதும் அங்கேதான். ராணுவச் சீருடையில் வரும் டானின் இளைய மகன் மைக்கேல், "அது என் குடும்பம், நான் அல்ல" என்று காதலி கேயிடம் சொல்வதும் அங்கேதான். கடைசியில் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, டானாகிவிட்ட மைக்கேலின் அறைக்கதவு மூடுகிறது. அந்தப் பேச்சைக் கேட்காதவனுக்கு அது வெறும் கதவு.

போன மாதம் ஒரு பையன், "சார், கல்யாணத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்த்து முடித்தேன்" என்றான் பெருமையாக. தேநீர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

உணவகத்தில் சப்டைட்டில் தேடுவது

மைக்கேல் உணவகத்தில் கொல்லப்போகும் எதிரி சொலாட்ஸோ, இத்தாலிய மொழியில் பேசும்போது சப்டைட்டில் வராது. கோளாறு இல்லை. மைக்கேலின் கண்களைப் பாருங்கள். ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச் ஏற்றிக்கொண்டே போகும் ரயிலின் கிறீச்சொலியைக் கேளுங்கள். அந்தக் காட்சியில் ரயில் கண்ணில் படுவதே இல்லை.

'நாயகன்' படத்தோடு ஒப்பிட்டபடியே பார்ப்பது

இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவது

ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸ் விளக்கை மேலிருந்து விட்டதால் மார்லன் பிராண்டோவின் கண்குழிகளில் நிழல் விழுகிறது. டான் என்ன நினைக்கிறார் என்பது நமக்கும் தெரியாது, மனு கொடுக்க வந்தவருக்கும் தெரியாது. இதைப் படம் தொடங்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். அப்படியும் சென்ற முறை ஒருவர் பாதியில் எழுந்து போய்ப் புரொஜெக்டரைத் தட்டிப் பார்த்தார்.